ஊர் திரும்பிய பின் இருவர் மட்டும்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் கணவர் குவைத்தில் ஏறத்தாழ கால் நூற்றாண்டு வேலை பார்த்தார். பிள்ளைகளின் பள்ளிப்படிப்பு முடியும்வரை நானும் அங்கேதான் இருந்தேன். அவருக்கு இப்போது 62 வயது, எனக்கு 57. சென்ற ஆண்டு ஊருக்கே திரும்பிவிட்டோம். நாங்கள் இருவர் மட்டும் இரண்டு மூன்று நாள் எங்கேயாவது போய்வர ஆசைப்படுகிறோம். ஆனால், புறப்படுகிறோம் என்று சொன்னாலே நாத்தனார் குடும்பம், கொழுந்தனார் குடும்பம் என்று வேன் பிடிக்கும் அளவுக்கு ஆள் சேர்ந்துவிடுகிறது. ‘இத்தனை வருஷம் தனியாகத்தானே இருந்தீர்கள்’ என்றும் கேட்கிறார்கள். நாங்கள் எங்கே, எப்படிப் போகலாம்? (வாசகி, கும்பகோணம்)

பதில்: உங்கள் ஆசை முற்றிலும் நியாயமானது. அயல்நாட்டில் ஒரே வீட்டில் இருந்தீர்கள் என்றாலும், அவருடைய வேலை நேரம், பிள்ளைகளின் பள்ளி நேரம், ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம் என்று அந்த வாழ்க்கை கடிகாரத்தோடு ஓடியிருக்கும். விடுப்பில் ஊருக்கு வந்த நாள்களும் கல்யாணம், காதுகுத்து, நேர்த்திக்கடன், வீட்டு வேலை, துக்கம் விசாரிப்பு என்று பிறருக்காகவே கழிந்திருக்கும். எந்தக் காரியமும் இல்லாமல் இருவரும் ஓர் ஊரில் நடந்து திரிந்த நாள் அநேகமாக உங்கள் இருவருக்கும் வாய்த்திருக்காது. அதை இப்போது கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

உறவினர்களின் மனம் கோணாமல் இருக்க ஒரு வழி சொல்கிறேன். ஆண்டுக்கு ஒருமுறை குலதெய்வம் கோயிலுக்கு எல்லோரும் சேர்ந்து போகும் பயணத்தை நீங்களே நாள் குறித்து முன்கூட்டி அறிவித்துவிடுங்கள். மற்ற பயணங்களை வார நாள்களில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு அலுவலகமும் பள்ளியும் இருக்கும். உங்களுக்கோ விடுதி அறையும் ரயில் இருக்கையும் எளிதில் கிடைக்கும்.

இடம் என்று வரும்போது, தொலைதூரத்திலிருந்து தொடங்காதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து. விடுப்பில் வந்து போகிறவர்களுக்குச் சொந்த மாவட்டம்தான் மிகக் குறைவாகத் தெரிந்திருக்கும். உங்கள் வீட்டிலிருந்து சில கிலோமீட்டரில் இருக்கும் தாராசுரத்தையே எடுத்துக்கொள்வோம். இரண்டாம் இராஜராஜன் 12-ஆம் நூற்றாண்டில் கட்டிய ஐராவதேசுவரர் கோயிலில், நாயன்மார்களின் வரலாறுகள் சுவரின் அடிப்பகுதியில் சிறு சிறு புடைப்புச் சிற்பங்களாக வரிசையாக இருக்கின்றன. குனிந்தும் உட்கார்ந்தும் ஒவ்வொன்றாகப் பார்த்து, இவர் யார், இது எந்தக் கதை என்று இருவரும் பேசிக்கொண்டே நகர வேண்டும். வேனில் பதினைந்து பேரோடு போனால், அர்ச்சனைத் தட்டு வாங்குவதற்குள் அடுத்த கோயிலுக்கு நேரமாகிவிடும். மறுநாள் கங்கைகொண்ட சோழபுரம் போய் இராஜேந்திரனின் கோயிலையும் இதே நிதானத்தோடு பாருங்கள். தஞ்சைப் பெரிய கோயில் 1987-இலும், இந்த இரண்டு கோயில்களும் 2004-இலும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன.

அடுத்ததாகத் தரங்கம்பாடிக்குப் போய் ஓர் இரவாவது தங்குங்கள். டேனியர்கள் 1620-இல் கட்டத் தொடங்கிய டான்ஸ்போர்க் கோட்டை, 1706-இல் அங்கே வந்திறங்கித் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட சீகன்பால்குவின் நினைவுகள், கடல் அரித்துப் பாதியைக் கொண்டுபோன மாசிலாமணிநாதர் கோயில் ஆகிய எல்லாமே நடந்து பார்க்கும் தொலைவில் இருக்கின்றன. காலையில் போய் மாலையில் திரும்புகிறவர்களுக்குக் கிடைப்பது நண்பகல் வெயில்தான். இரவு தங்கினால் மாலையில் கோட்டையையும் விடியலில் கடற்கரையையும் பார்க்கலாம். ஆங்கிலேயருக்கு 1845-இல் விற்கப்பட்ட பிறகு அந்த ஊரின் வணிகம் ஒடுங்கியது. அதனால் தெருக்கள் இன்றும் அமைதியாகவே இருக்கின்றன. இருவராக நடப்பதற்கு அதைவிட நல்ல ஊரை உங்கள் பக்கத்தில் நான் அறியேன்.

சிதம்பரத்துக்கு மயிலாடுதுறை வழியாக ரயிலிலேயே போகலாம். அங்கிருந்து பிச்சாவரம் சென்றால் துடுப்புப் படகையே கேளுங்கள். குறுகலான கால்வாய்களுக்குள் அதுதான் நுழையும். நவம்பர் முதல் ஜனவரி வரை கோடியக்கரையில் பூநாரைகளைப் பார்க்கலாம். போகும் வழியில், 1930-இல் இராஜாஜி திருச்சியிலிருந்து நடந்துவந்து உப்பு அள்ளிய வேதாரண்யமும் இருக்கிறது. புதுக்கோட்டைப் பக்கம் சித்தன்னவாசல் ஓவியங்களையும் திருமயம் கோட்டையையும் பார்க்க இரண்டு நாள் ஒதுக்குங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறைக்குப் பழகிய உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: அரசு அருங்காட்சியகங்களுக்கு இங்கேயும் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. எனவே புதுக்கோட்டை அருங்காட்சியகத்துக்கு வேறு நாளைத் தேர்ந்தெடுங்கள்.

குவைத் வெயிலையே தாங்கியவர்கள் என்று நினைத்துச் சித்திரை, வைகாசியில் கிளம்பிவிடாதீர்கள். அங்கே குளிரூட்டிய காரிலிருந்து குளிரூட்டிய கட்டடத்துக்குள் போனீர்கள். இங்கே கொதிக்கும் கருங்கல் தளத்தில் வெறுங்காலோடு நடக்க வேண்டியிருக்கும். பெரும்பாலான கோயில்களில் நண்பகலில் நடை சாத்தி, மாலை 4 மணிவாக்கில்தான் திறப்பார்கள். காலை 7 முதல் 11 வரை பார்ப்பது, பிறகு சாப்பாடும் ஓய்வும், மாலையில் மீண்டும் வெளியே போவது என்று நாளைப் பிரித்துக்கொண்டால் உடம்பு தாங்கும். சாலையின் வலப்பக்கம் ஓட்டிப் பழகிய உங்கள் கணவர், முதல் சில பயணங்களுக்காவது ஓட்டுநரோடு வாடகைக் கார் எடுப்பது நல்லது. அவரும் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வர வேண்டுமல்லவா?

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து திரும்பித் திருச்சியில் குடியேறியிருக்கிறோம். எனக்கு 66 வயது, மனைவிக்கு 61. ரயிலில் ஊட்டி போக விரும்புகிறோம். மூத்த குடிமக்களுக்கு என்ன சலுகை இருக்கிறது? (வாசகர், திருச்சி)

பதில்: கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது, அதை நம்பிச் செலவுக் கணக்குப் போட வேண்டாம். கீழ்ப் படுக்கைக்கான தனி ஒதுக்கீடு மட்டும் இருக்கிறது. 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் அது உண்டு. ஆனால் ஒரே பயணச்சீட்டில் ஒருவரோ இருவரோ பயணம் செய்தால்தான் கேட்க முடியும். இருவராகப் போவதற்கு இதுவும் ஒரு நல்ல காரணம்! முன்பதிவு இப்போது 60 நாள்களுக்கு முன்புதான் தொடங்குகிறது.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போகும் 46 கிலோமீட்டர் மலை ரயிலில் இடம் கிடைப்பது அரிது. எனவே முதலில் அந்தச் சீட்டை உறுதி செய்துகொண்டு, அதற்கேற்ப மற்ற ரயில்களைப் பதிவு செய்யுங்கள். நீலகிரிக்கு வெளியூர் வாகனங்கள் செல்ல 2024 மே முதல் இ-பாஸ் நடைமுறை இருக்கிறது. காரில் போக முடிவு செய்தால் அதை மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: துபாயிலிருந்து திரும்பியதே என் தாயாரைப் பார்த்துக்கொள்வதற்காகத்தான். அவருக்கு 84 வயது. அவரை விட்டுவிட்டு மனைவியோடு வெளியூர் போவது சரியா? (வாசகர், மன்னார்குடி)

பதில்: சரிதான். தாயாரை அன்றாடம் கவனிக்கும் வேலையில் பெரும்பகுதி உங்கள் மனைவியின் தோளில் இருக்கும் என்று நினைக்கிறேன். அவருக்கும் வீட்டுக்கு வெளியே ஒரு நாள் வேண்டும். தாயாரிடம் மறைக்காமல் நேரிலேயே சொல்லுங்கள். அவருக்குப் பழக்கமான ஒருவரைத் துணைக்கு வைத்து, மாத்திரை நேரங்களையும் மருத்துவரின் எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். முதலில் அரை நாள் போதும்: தஞ்சைச் சாலையில் உள்ள வடுவூர் ஏரிக்குக் கார்த்திகை, மார்கழியில் விடியற்காலையில் போனால் பறவைகளைப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். அது பழகிய பிறகு முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கு ஒரு முழு நாள் போய்வாருங்கள். இரவு தங்கும் பயணத்தை, துணைக்கு இருப்பவரோடு தாயார் ஓர் இரவைக் கழித்துப் பார்த்துத் தமக்குச் சம்மதம் என்று சொன்ன பிறகு திட்டமிடுங்கள்.