கைக்குட்டையில் சுற்றிய காது

அன்புள்ள ஐயா,

நீங்கள் சிபாரிசு செய்திருந்ததைப் பார்த்து ஹெமிங்வேயின் ‘தி சன் ஆல்சோ ரைசஸ்’ வாசித்தேன். முதல் உலகப்போருக்குப் பிந்தைய கசப்பைச் சொல்லும் காதல் நாவல் என்று பின்னட்டையில் போட்டிருந்தது. போர் எங்கே இருக்கிறது என்று கடைசிவரை தேடினேன். பாரிஸில் குடிக்கிறார்கள். ஸ்பெயினுக்குப் போய்க் குடிக்கிறார்கள். அடித்துக்கொள்கிறார்கள், ஊர் திரும்புகிறார்கள். போரில் பட்ட காயத்தால் கதைசொல்லி ஜேக்குக்கு உடலுறவு சாத்தியமில்லை, அதனால் காதலி பிரெட்டுடன் சேர முடியவில்லை. அந்தக் காயம் மட்டும் இல்லாவிட்டால் இருவரும் நன்றாக வாழ்ந்திருப்பார்கள் அல்லவா? ஒரு தனிமனிதனின் விபத்தை ஒரு தலைமுறையின் துயரம் என்று எப்படிச் சொல்ல முடியும்? நடையும் தந்தி வாசகம் போலவே இருக்கிறது. நான் எதையாவது தவறவிட்டேனா?

ச.

அன்புள்ள ச.,

நீங்கள் எதையும் தவறவிடவில்லை. உங்கள் கேள்வியைத்தான் கடைசிப் பக்கத்தில் பிரெட்டும் கேட்கிறாள். மாட்ரிட்டில் டாக்சியில் போகும்போது, நாம் சேர்ந்து எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கலாம் என்கிறாள். முன்னால் குதிரைமேல் அமர்ந்த காக்கி உடுப்புக் காவலர் தடியை உயர்த்துகிறார். வண்டி சட்டென்று வேகம் குறைய, பிரெட் ஜேக்கின் மேல் சாய்கிறாள். ஆமாம், அப்படி நினைத்துக்கொள்ள அழகாகத்தான் இருக்கிறது, இல்லையா என்கிறான் ஜேக். நாவல் முடிந்துவிடுகிறது. (அந்தக் காக்கியையும் தடியையும் வைத்துப் பக்கம் பக்கமாகக் குறியீட்டு ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். எனக்கு அதில் ருசியில்லை. வண்டி வேகம் குறைந்தால் பக்கத்தில் இருப்பவர் நம்மேல் சாய்வார், அவ்வளவுதான்.)

முதல் வாசிப்பில் நானும் அந்தப் பதிலை ஆமோதிப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். பிறகு வாசித்தபோதுதான் அதிலிருந்த மறுப்பு காதில் விழுந்தது. காயம் இல்லாவிட்டாலும் அது நடந்திருக்காது என்று ஜேக்குக்குத் தெரியும். பிரெட்டின் கதையைப் பாருங்கள். ராபர்ட் கோனுடன் சான் செபாஸ்டியனில் சில நாட்கள், மணந்துகொள்ளப்போகிற மைக் கேம்ப்பெல், பத்தொன்பது வயது காளைப்போர் வீரன் ரொமேரோ. அவள் நெருங்கிய உறவெல்லாம் சீக்கிரமே சலிப்பிலோ சண்டையிலோ முடிகிறது. அப்படி முடியாதது ஜேக்குடனான உறவு மட்டும்தான். காரணம், அது தொடங்கவே இல்லை. சேர்ந்து வாழலாமா என்று பாரிஸில் அவன் கேட்கும்போது, கண்டவர்களோடெல்லாம் போய் உனக்குத் துரோகம்தான் செய்வேன் என்று அவள் நேராகவே சொல்லிவிடுகிறாள். இதற்குமேல் என்ன சொல்ல வேண்டும்? என் வாசிப்பில் காயம் அந்தக் காதலைக் கொல்லவில்லை, கெடாமல் பாதுகாத்து வைத்திருக்கிறது. பழியை ஏற்றுக்கொள்ள ஒரு காயம் இருக்கும்வரை காதலைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. கடைசி வரியில் ஜேக் அந்தச் சௌகரியத்தையும் கைவிடுகிறான். நாவலின் உண்மையான கசப்பு அங்கேதான் இருக்கிறது.

ஆனால் எனக்கு இந்த நாவலின் மையம் அந்த டாக்சி அல்ல. காளைப்போர்த் திருவிழா நடக்கும் ஸ்பானிய ஊரான பாம்ப்லோனாவில் விடுதி நடத்தும் மொன்டோயாதான். ‘அஃபிசியோன்’ என்று ஒரு ஸ்பானியச் சொல் வருகிறது. காளைப்போரின் மேல் உள்ள பித்து. பித்து உள்ள வீரர்களின் படங்களைச் சட்டமிட்டு அறையில் மாட்டியிருப்பார் மொன்டோயா. அது இல்லாதவர்களின் படங்கள் மேசை இழுப்பறைக்குள் போய்விடும். அமெரிக்கனுக்கு அந்தப் பித்து இருக்க முடியாது என்பது அங்குள்ளவர்களின் எண்ணம். ஜேக் மட்டும் விதிவிலக்கு. அதை அவர்கள் அவன் தோளைத் தொட்டு உறுதி செய்துகொள்வார்கள். மோசமான கத்தோலிக்கனாக இருக்கிறோமே என்று தேவாலயத்தில் உட்கார்ந்து வருந்துகிறவனுக்கு இந்த ஒரு இடத்தில்தான் ஏதோ நம்பிக்கை மிச்சமிருக்கிறது.

ரொமேரோவை இரவு காப்பிக்கு அனுப்பும்படி அமெரிக்கத் தூதரிடமிருந்து செய்தி வருகிறது. இளைஞன் கெட்டுப்போய்விடுவானே என்று மொன்டோயா ஜேக்கிடம்தான் யோசனை கேட்கிறார். செய்தியைச் சொல்லாதீர்கள் என்கிறான் ஜேக். அதன்பின் மொன்டோயா சாப்பாட்டு அறைக்குள் வரும்போது, குடிகாரர்கள் நிறைந்த மேசையில், ஜேக்குக்கும் தோள் தெரிய உடுத்த ஒரு பெண்ணுக்கும் நடுவே, கையில் பெரிய கோப்பை காக்னாக் பிராந்தியுடன் சிரித்தபடி உட்கார்ந்திருக்கிறான் ரொமேரோ. புன்னகைக்கத் தொடங்கிய மொன்டோயா தலைகூட அசைக்காமல் போய்விடுகிறார். அன்றிரவே பிரெட் கேட்டுக்கொண்டபடி அவளை ரொமேரோவிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் ஜேக்தான். காதலிக்காகத் தன் ஒரே கோயிலை விற்றான் என்று சொல்லலாம். ஹெமிங்வே அப்படியெல்லாம் சொல்ல மாட்டார். விடுதியைக் காலி செய்தபோது மொன்டோயா எங்கள் பக்கம் வரவில்லை, பணிப்பெண் பில்லைக் கொண்டுவந்தாள் என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்.

ராபர்ட் கோனை நீங்கள் குறிப்பிடவில்லை. அந்தக் கூட்டத்தில் போருக்குப் போகாதவன் அவன். பழைய காவியக் காதலை இன்னும் நம்புகிறவனும் அவன்தான். அதனாலேயே எல்லோருக்கும் அவன்மேல் எரிச்சல். அவன் யூதன் என்பதைக் குத்திக்காட்டும் இடங்கள் இன்று வாசிக்கும்போது நாறுகின்றன. அதைப் பாத்திரங்களின் குரல் என்று மட்டும் சொல்லி ஆசிரியரைத் தப்பவிட எனக்கு மனமில்லை.

இனி, போர் எங்கே என்ற கேள்வி. 1918 ஜூலை 8 அன்று, பத்தொன்பது வயது நிறையாத ஹெமிங்வே இத்தாலியப் போர்முனையில் ஃபொசால்தா என்ற ஊருக்கருகே குண்டுவெடிப்பில் படுகாயமடைந்தார். அவர் செஞ்சிலுவைச் சங்கத்துக்காரர். படைவீரர்களுக்குச் சாக்லேட்டும் சிகரெட்டும் கொடுக்கப் போயிருந்தார். ஏழு வருடம் கழித்து, 1925 ஜூலையில் நண்பர்களுடன் பாம்ப்லோனா திருவிழாவுக்குப் போனார். அந்த மாதமே எழுதத் தொடங்கி செப்டம்பரில் முதல் பிரதியை முடித்தார். 1926 அக்டோபரில் நாவல் வந்தது. அதில் போர்க்களம் இல்லாததற்குக் காரணம், அவர்கள் யாரும் அதைப் பேச விரும்பவில்லை என்பதுதான். ஜேக் இரவில் கண்ணாடி முன் நின்று தன் உடம்பைப் பார்க்கிறான், காயத்தை நினைத்துக்கொள்கிறான், வேடிக்கையாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிடுகிறான். விளக்கை அணைத்தால் தூக்கம் வருவதில்லை.

நீங்கள் குறை சொன்ன நடைக்கும் இங்கேதான் வேர். மூன்றாண்டு கழித்து வந்த ‘எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்’ நாவலின் நாயகனுக்கு மகிமை, கௌரவம், வீரம் போன்ற சொற்கள் அருவருப்பாகிவிடுகின்றன. ஊர்ப்பெயர்கள், சாலை எண்கள், தேதிகள் மட்டுமே கண்ணியத்தோடு எஞ்சுகின்றன. அந்த எண்ணம் இந்த நாவலிலேயே செயலில் இருக்கிறது. திருவிழாவில் காளைகளைத் தெருவில் ஓட்டிவரும்போது விசென்டே ஹிரோனெஸ் என்ற விவசாயி கொம்பில் குத்துப்பட்டுச் சாகிறான். இருபத்தெட்டு வயது, மனைவி, இரண்டு குழந்தைகள். எல்லாம் வேடிக்கைக்காக என்கிறார் காப்பிக்கடைப் பணியாளர். பிறகு ஹெமிங்வே ஒரு பட்டியல் தருகிறார். அவனைக் கொன்ற காளையின் பெயர் போகனெக்ரா, எண் 118. அன்று மாலை அதை ரொமேரோ கொன்றான். அதன் காதை அறுத்து அவனுக்குப் பரிசளித்தார்கள். அவன் பிரெட்டிடம் கொடுத்தான். அவள் அதை ஜேக்கின் கைக்குட்டையில் சுற்றி, சிகரெட் துண்டுகளோடு சேர்த்து, கட்டிலோர மேசை இழுப்பறையின் உள்ளே தள்ளிவிட்டுப் போய்விட்டாள். ஒரு சாவு, ஒரு வெற்றி, ஒரு காதல் பரிசு, ஜேக்கின் கைக்குட்டை, எல்லாம் ஒரே இழுப்பறையில். இதில் ‘அர்த்தமின்மை’ என்ற சொல்லைச் சேர்த்துப் பாருங்கள், பத்தி செத்துவிடும்.

தந்தி வாசகம் என்றீர்கள். உண்மையிலேயே ஒரு தந்தி வருகிறது. திருவிழா முடிந்து சான் செபாஸ்டியனில் தனியாக நீந்திக்கொண்டும் படித்துக்கொண்டும் ஜேக் கொஞ்சம் தேறிவரும் நேரம். சிக்கலில் இருக்கிறேன், மாட்ரிட் வர முடியுமா என்கிறாள் பிரெட். வருவதாகப் பதில் தந்தி அடித்து, அடியில் ‘அன்புடன்’ என்று போடுகிறான். ஒரு பெண்ணை ஒருவனோடு அனுப்பு, இன்னொருவனை அறிமுகம் செய்து அவனோடும் போகவிடு, இப்போது போய்த் திருப்பிக் கூட்டிவா, தந்தியில் அன்புடன் என்று கையெழுத்துப் போடு என்று தன்னையே பார்த்துச் சொல்லிக்கொள்கிறான்.

முன்பொரு இரவு தூக்கம் வராமல் படுத்தபடி, எதையும் சும்மா பெற முடியாது, பில் வந்தே தீரும் என்று கணக்குப் போடுகிறவன் அவன். நாவல் நெடுக அவன் யாருக்கு எவ்வளவு கொடுக்கிறான் என்பதை மட்டும் மறுவாசிப்பில் குறித்துக்கொண்டு வாருங்கள். மாட்ரிட்டில் பிரெட்டை அழைத்துக்கொண்டு கிளம்பும்போதும் வழக்கம்போல பணத்தை எடுக்கிறான். விடுதிக்காரி வாங்க மறுக்கிறாள். ரொமேரோ ஏற்கனவே கட்டிவிட்டுப் போயிருக்கிறான்.