இருவர் கனூவும் ஆறு வயதுப் பிள்ளையும்

கேள்வி: நான் மட்டக்களப்பு கல்லடியில் இருக்கிறேன். என் எடை 72 கிலோ. மகளுக்கு 6 வயது, 18 கிலோ. கிதுல்கலைக்குப் போய்க் களனி ஆற்றில் ராஃப்டிங் செய்துவிட்டு வந்ததில் இருந்து பாறை ஆற்று ஆசை விடவே இல்லை. மகளையும் ஏற்றிக்கொண்டு போகக்கூடிய, வேக நீருக்கான இருவர் கனூ (துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுங்கிய படகு) ஒன்று வாங்க நினைக்கிறேன். மற்ற நாட்களில் அதையே வாவியில் ஓட்டலாம். கனடாவில் இருக்கும் மச்சான், அங்கே ஒருவர் 15 வருடம் பாவித்த, றோயலெக்ஸ் என்ற பிளாஸ்டிக்கில் செய்த கனூவை விற்கிறார், வீட்டுச் சாமான்களோடு கொன்டெய்னரில் அனுப்பலாம் என்கிறார். எடுக்கலாமா அண்ணன்?

பதில்: தம்பி, முதலில் அந்த ‘இருவர்’ என்ற சொல்லைப் பார்ப்போம். கனூ செய்கிறவர்கள் அதைச் சொல்லும்போது நினைப்பது இரண்டு வளர்ந்தவர்களை. முன்னால் ஒரு 70 கிலோ, பின்னால் ஒரு 70 கிலோ, இரண்டு துடுப்பு. உங்கள் மகள் ஆசையாகத் துடுப்புப் போடுவாள். ஐந்து நிமிடம் போனதும் துடுப்பை மடியில் வைத்துவிட்டுத் தண்ணீருக்குள் கையை விட்டு மீன் தேடுவாள். அது அவளுடைய உரிமை. ஆகவே நீங்கள் வாங்கப்போவது ஒருவர் தனியாக ஓட்டும் படகு, அதில் மகள் பயணி. இதை மனதில் வைத்துத்தான் படகைத் தேட வேண்டும்.

வழக்கமான இருவர் கனூவில் நீங்கள் கடையாரில் (பின்முனையில்) இருந்து, மகளை அணியத்தில் (முன்முனையில்) இருத்தினால் என்ன நடக்கும்? 54 கிலோ வித்தியாசம். அணியம் நீரை விட்டு மேலே கிளம்பி நிற்கும். அப்படிக் கிளம்பிய அணியத்தைக் காற்று பாய்மரம் போலப் பிடித்துக்கொள்ளும். என் மகனுக்கு 5 வயதாக இருக்கும்போது எனக்கு இது நடந்தது. கச்சான் காற்று வீசும் காலத்தில் ஒரு பிற்பகல், புளியந்தீவுப் பக்கம் இருந்து புறப்பட்டோம். வாவியின் நடுவுக்கு வந்ததும் காற்று அணியத்தைத் திருப்பியது. எந்தப் பக்கம் துடுப்புப் போட்டும் படகு சொல் கேட்கவில்லை. கடைசியில் கல்லடிப் பக்கக் கரையில் கொண்டுபோய்ச் சேர்த்தது. அன்று அலை சிறியது, பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவன் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் எனக்குள் இருக்கிறது. அதே படகு பாறை ஆற்றில் அப்படித் திரும்பினால் அகலப் பக்கமாகப் போய்ப் பாறையில் மோதும். மோதினால் நீரோட்டம் அதைப் பாறையோடு அழுத்திப் பிடித்துவிடும்.

இதற்கு வழி இருக்கிறது. முன்பாதியும் பின்பாதியும் ஒரே வடிவில் இருக்கும் கனூவைத் தேடுங்கள். அதில் முன் இருக்கையில் பின்பக்கம் பார்த்து இருந்து ஓட்டலாம். அப்போது பழைய கடையார் அணியமாகிவிடும். முன் இருக்கை படகின் நடுவுக்குக் கிட்ட இருப்பதால் உங்கள் எடையும் நடுவுக்கு வரும். மகளை உங்களுக்கு முன்னால், கை எட்டும் தூரத்தில் இருத்தலாம். மிச்ச வித்தியாசத்துக்கு அணியப் பக்கம் ஒரு 10 லீற்றர் தண்ணீர்க் கானைக் கட்டி வையுங்கள். படகு கவிழ்ந்தாலும் அது கல்லைப் போலக் கீழே இழுக்காது. வாங்கும் முன் ஒன்றைப் பாருங்கள்: முன் இருக்கைக்கு நேர் பின்னால் குறுக்குச் சட்டம் இருந்தால் திரும்பி இருக்கும்போது முழங்காலுக்கு இடம் போதாது. சட்டம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று மச்சானை அளந்து சொல்லச் சொல்லுங்கள்.

அடுத்தது அடிப்பக்க வளைவு. கனூவைச் சமதரையில் வைத்துப் பக்கத்தில் குந்திப் பார்த்தால் இரண்டு முனையும் தரையை விட்டு எழும்பி நிற்கும். வேக நீருக்கென்றே செய்த கனூவில் இந்த எழுச்சி அதிகம், 3 அங்குலத்துக்கு மேலும் இருக்கும். பாறைக்குப் பாறை சட்டென்று திருப்ப அது வேண்டும். ஆனால் அதே படகை நம் வாவியில் விட்டால் நேராகவே போகாது. ஒவ்வொரு துடுப்புக்கும் மூக்கை அசைக்கும், கச்சானில் இரண்டு மடங்கு களைப்பு. மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளம், எல்லாம் சமநீர். நம் மாவட்டத்தில் உங்களுக்குக் கிடைக்கப்போவது இந்த நீர்தான். கிதுல்கலை வருடத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ. ஆகவே முழு வேக நீர்ப் படகு வேண்டாம். எழுச்சி 1 முதல் 2 அங்குலம், நீளம் 16 அடி, நடுவில் ஆழம் 14 முதல் 15 அங்குலம் உள்ளதை எடுங்கள். கனடாவின் நியூ பிரன்ஸ்விக்கில் இருந்த செஸ்ட்நட் நிறுவனத்தார் ‘புரொஸ்பெக்டர்’ என்று ஒரு வடிவம் செய்தார்கள். அந்த நிறுவனம் மூடி வெகுகாலம். வடிவத்தை இன்றும் பலர் செய்கிறார்கள். ஆழமான, நன்றாகச் சுமை தாங்குகிற, ஆற்றுக்கும் சமநீருக்கும் பொருந்துகிற படகு அது. பிள்ளையோடு போகிற ஒருவர் என்னிடம் ஒரே ஒரு பெயர் கேட்டால் நான் சொல்வது அதுதான்.

அடி தட்டையான படகு கரையில் ஏறும்போது அசையாமல் நிற்கும், பார்த்தவுடன் பிடித்துப்போகும். அலை பக்கவாட்டில் வந்தால் அதே படகுதான் திடீரென்று கவிழும். அடி இலேசாக உருண்டிருப்பது தொடக்கத்தில் ஆடும், சரிந்த பிறகு தாங்கி நிற்கும். பிள்ளை ஒரு பக்கம் எட்டிப் பார்க்கிற படகுக்கு இந்தத் தாங்குதல்தான் வேண்டும்.

இனி மச்சான் சொல்லும் றோயலெக்ஸ். அது ஏபிஎஸ் பிளாஸ்டிக்கும் நுரையும் அடுக்கி, மேலே வினைல் போர்த்திய பொருள். பாறையில் மோதி மடிந்தாலும் பெரும்பாலும் பழைய வடிவத்துக்குத் திரும்பும், அதனால்தான் ஆற்றுக்காரர்கள் அதை இவ்வளவு விரும்பினார்கள். 2014ஆம் ஆண்டோடு அதன் உற்பத்தி நின்றுவிட்டது. இப்போது கிடைப்பதெல்லாம் பழையதுதான். பழையது என்பதற்காக ஒதுக்க வேண்டாம், வடிவாகப் பார்த்து வாங்குங்கள். இரண்டு முனையின் அடியிலும் வினைல் தேய்ந்து உள்அடுக்கு தெரிகிறதா? தெரிந்தால் ஒட்டுப் போடலாம், ஆனால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். அடிப்பக்கத்தைக் கையால் அழுத்தும்போது ஓரிடம் மட்டும் மெத்தென்று உள்ளே போனால் அடுக்கு பிரிந்திருக்கிறது, அதை விட்டுவிடுங்கள். மேல்விளிம்பு மரமாக இருந்தால் இன்னொரு சோதனை. கனடாவின் கடுங்குளிரில் பிளாஸ்டிக் சுருங்கும், மரம் அந்த அளவுக்குச் சுருங்காது. அதனால் விளிம்புத் திருகாணிகளில் இருந்து கீழ்நோக்கி வெடிப்பு விழும். குளிர்காலத்தில் படகு வெளியே கிடந்ததா என்று கேளுங்கள், திருகாணி வரிசையைக் கிட்ட வைத்துப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வெயிலில் கிடந்து நிறம் வெளிறியதும் எனக்குப் பிடிக்காது. இங்கே வந்த பிறகு நீங்களும் நிழலில் கவிழ்த்து வையுங்கள்.

றோயலெக்ஸ் இல்லாவிட்டால் அதற்குப் பதிலாக வந்த டி-ஃபோர்மெக்ஸ், அல்லது மூன்று அடுக்குப் பொலிஎதிலீன். பொலிஎதிலீன் மலிவு, தாங்கும், ஆனால் 16 அடிப் படகு 40 கிலோவை எட்டும். வான் வண்டிக்கு மேல் தனியாக ஏற்ற முடியுமா என்று யோசியுங்கள். இங்கே செய்யும் பைபர் வள்ளம் வாவிக்குச் சரி, பாறைக்குச் சரியில்லை.

பணத்துக்கு வருவோம். கனடாவில் சொல்கிற விலையை மட்டும் பார்த்து ஓம் என்று சொல்லிவிடாதீர்கள். கப்பல் கூலி, துறைமுகச் செலவு, சுங்க வரிகள், 2024 ஜனவரியில் இருந்து 18 சதவீதமான வற் (பெறுமதி சேர் வரி), பிறகு கொழும்பில் இருந்து கல்லடிக்கு லொறி. படகை ஏற்றுவதற்கு முன்பே பொருட்களை விடுவிக்கும் முகவர் ஒருவரிடம் மொத்தக் கணக்கை எழுத்தில் வாங்குங்கள்.

படகோடு இரண்டு காற்றுப் பைகளுக்கும் பணம் ஒதுக்க வேண்டும், அணியத்துக்கு ஒன்று, கடையாருக்கு ஒன்று. திறந்த கனூவில் 300 லீற்றர் நீர் ஏறினால் 300 கிலோ கூடுகிறது. அந்த எடை நீரோட்டத்தில் வரும்போது அதற்கும் பாறைக்கும் நடுவில் யாரும் அகப்படக் கூடாது. பை நிரப்பிய இடத்தில் நீர் ஏறாது, படகு உயர்ந்து மிதக்கும். பைகளைக் கயிற்று வலை போட்டு இறுக்கிக் கட்ட வேண்டும். நம் வெயிலில் உள்ளே காற்று விரிந்து பை வெடித்துவிடும், கரையில் நிற்கும்போது கொஞ்சம் தளர்த்தி விடுங்கள்.

வேக நீரில் முழங்காலில் இருந்துதான் ஓட்ட வேண்டும். இருக்கைக்குக் கீழே சப்பாத்துப் போட்ட கால் தடையில்லாமல் வெளியே வருகிறதா என்று பாருங்கள். முழங்காலில் இருப்பவரைப் படகோடு பிடித்து வைக்கும் தொடைப் பட்டிகள் உங்களுக்கு மட்டும். பிள்ளையை எதோடும் கட்டக் கூடாது. பயத்தில் இடுப்பில் கயிறு கட்டும் பெற்றோரைக் கண்டிருக்கிறேன். கவிழ்ந்த படகோடு பிள்ளையைப் பிணைப்பதுதான் அது. அவிழ்ந்து கிடக்கும் கயிறு எதுவும் படகுக்குள் இருக்கக் கூடாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கிதுல்கலையில் ராஃப்டிங் போன அதே பகுதிக்கு ஆறு வயது மகளைத் திறந்த கனூவில் கொண்டுபோகாதீர்கள். ராஃப்ட் காற்று அறைகளால் ஆனது, ஏறிய நீரை வெளியே விட்டுவிடும், வழிகாட்டியும் இருக்கிறார். திறந்த கனூ மூன்றாம் தர அலை ஒன்றிலேயே நிறைந்துவிடும் (வேக நீரில் முதலாம் தரம் மிக எளிது, எண் ஏற ஏறக் கடினம்). மேலே உள்ள மின்நிலையங்கள் விடும் நீரைப் பொறுத்து அந்த ஆறு ஒரே நாளில் கூடும், குறையும். பிள்ளையோடு முதலாம் தர நீர், நீங்கள் நன்றாகத் தேறிய பிறகு எளிதான இரண்டாம் தரம், அதுவும் கூட இன்னொரு படகு வந்தால் மட்டும். அதற்கு முன் ஒரு பருவம் முழுக்க வாவியில் பழகுங்கள். காற்று எழும்ப முன், விடிய வெள்ளென இறங்கி, கரையை ஒட்டிப் போங்கள். முதலை திரியும் இடங்களைத் தோணிக்காரரிடம் கேட்டு ஒதுக்குங்கள். மாரியில் முகத்துவாரம் வெட்டியிருக்கும் நாட்களில் பாலமீன்மடுப் பக்கமே போக வேண்டாம், அந்த இழுவை நேராகக் கடலுக்குக் கொண்டுபோகும். இடுப்பளவு நீரில் வேண்டுமென்றே படகைக் கவிழ்த்து, மகள் மிதந்துகொண்டு உங்களைப் பார்த்துச் சிரிக்கும் வரை பழக்குங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 5 வயது, 17 கிலோ. பொத்துவில் களப்பில் படகில் போகும்போது போடுவதற்கு லைஃப் ஜக்கெட் வாங்க வேண்டும். கடைக்காரர் ‘எல்லாருக்கும் ஒரே சைஸ்’ என்கிறார். வாங்கலாமா? (கல்முனை வாசகி)

பதில்: வேண்டாம் தங்கச்சி. பிள்ளையின் எடைக்கு ஏற்ற ஜக்கெட்தான் வேண்டும். எந்த எடைக்கு என்று உள்பக்கச் சீட்டில் அச்சாகி இருக்க வேண்டும். அதே சீட்டில் ஐஎஸ்ஓ 12402 என்ற தரமும், எவ்வளவு மிதப்பு என்று காட்டும் நியூட்டன் அளவும் இருக்கிறதா என்று பாருங்கள். 50 நியூட்டன் என்றால் நீந்தத் தெரிந்தவர்களுக்கான மிதப்பு உதவி. 5 வயதுப் பிள்ளைக்கு 100 நியூட்டன் வகை எடுங்கள். அதில் கழுத்துக்குப் பின்னால் மிதப்புக் கொலர் இருக்கும், பிள்ளையின் முகத்தை மேலே வைத்திருப்பதற்காகச் செய்தது.

கடையிலேயே மகனுக்குப் போட்டு, எல்லாப் பட்டியையும் இறுக்கி, இரண்டு தோளிலும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜக்கெட் நாடியைத் தாண்டி மேலே வந்தால் அது பெரிது, தண்ணீரில் பிள்ளை கீழே வழுகிவிடும். கால்களுக்கு இடையே போகும் பட்டி கட்டாயம் வேண்டும். கழுத்துக்குப் பின்னால் பிடித்துத் தூக்கக் கைப்பிடி இருந்தால் மிக நல்லது. ‘வளர்ந்தால் போடலாம்’ என்று பெரிதாக வாங்குவது பள்ளிச் சட்டைக்குச் சரி, இதற்குச் சரியில்லை. காற்றடைத்த கை வளையம், நீச்சல் வளையம் எதுவும் இதற்கு ஈடாகாது.

ஆற்றுக்கும் போவதென்றால் ஹெல்மெட்டும் வேண்டும். படகு ஓட்டத்துக்கான தரம் ஈஎன் 1385. சைக்கிள் ஹெல்மெட்டும் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டும் அதற்கு உதவாது.

கேள்வி: பிள்ளைக்கு வாங்கி இரண்டு மாதத்தில் லைஃப் ஜக்கெட்டின் பட்டி பிய்ந்துவிட்டது. கடைக்காரர் மாற்றித் தர மறுக்கிறார். என்ன செய்யலாம்? (அக்கரைப்பற்று வாசகர்)

பதில்: பற்றுச்சீட்டு இருக்கிறதா? எனக்கும் ஒருமுறை இப்படி நடந்தது. உப்புநீரில் தையல் நூல் இற்றுப்போய் வார்ப்பூட்டு கையோடு வந்தது. பற்றுச்சீட்டு வாங்காததால் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுத் தர வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தில் இருக்கிறது. அந்தச் சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். வாங்கிய நாளில் இருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும், உங்களுக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது. 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம். பிய்ந்த இடத்தையும் உள்பக்கச் சீட்டையும் படமெடுத்து, பற்றுச்சீட்டின் பிரதியோடு சேர்த்து அனுப்புங்கள். பட்டியை நீங்களே தைத்துவிடாதீர்கள். அது பிய்ந்தபடியே இருக்கட்டும், அதுதான் உங்கள் சாட்சி. அதுவரை பிள்ளையை அந்த ஜக்கெட்டோடு தண்ணீரில் இறக்க வேண்டாம்.