நான்கு வயதுக் குழந்தைக்குப் பெரிய வெள்ளியை எப்படிச் சொல்வது?

கேள்வி: நாங்கள் நாகர்கோவில் பக்கம் வசிக்கும் கத்தோலிக்கக் குடும்பம். மகனுக்கு ஏழு வயது, மகளுக்கு நான்கு. போன முறை பெரிய வெள்ளியன்று பாடுபட்ட சுரூபத்தை (சிலுவையில் தொங்கும் இயேசுவின் சிலையை) முத்தி செய்யப் போனபோது மகள் பயந்து அழுதுவிட்டாள். பல நாள் இரவில் எழுந்து, இயேசப்பாவுக்கு ஏன் ஆணி அடித்தார்கள் என்று கேட்டாள். பிள்ளைகளும் ஒருசந்தி (ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு என்ற நோன்பு) இருக்க வேண்டும் என்கிறார் மாமியார். முயல், சாக்லேட் முட்டை எல்லாம் வாங்கலாம் என்கிறார் கணவர். வீட்டில் ஈஸ்டரை எப்படிக் கொண்டாடுவது?

பதில்: சகோதரி, உங்கள் மகள் அழுததில் தவறே இல்லை. சுரூபத்தில் இருப்பவர் காயம்பட்ட ஒரு மனிதர் என்பதை அவள் சரியாகவே பார்த்திருக்கிறாள். நமக்குத்தான் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது.

மறைக்கல்வி வகுப்பில் சின்னப் பிள்ளைகளோடு பல ஆண்டுகள் இருந்ததில் நான் கண்டுகொண்டது ஒன்று: பிள்ளைகளைப் பயமுறுத்துவது இயேசு துன்பப்பட்ட பாடுகளின் கதை அல்ல, பாதியில் நின்றுபோன கதை. வெள்ளிக்கிழமை சிலுவைவரை சொல்கிறோம். மீதி ஞாயிற்றுக்கிழமை என்று விட்டுவிடுகிறோம். நடுவில் இரண்டு இரவுகள் இருக்கின்றன. அந்த இரண்டு இரவும் குழந்தையின் மனதில் இயேசு ஆணியில் தொங்கிக்கொண்டே இருக்கிறார். ஆகவே எந்த நாளில் சொன்னாலும், ஒரே மூச்சில் வெறுமையான கல்லறைவரை சொல்லி முடித்துவிடுங்கள்.

நான்கு வயதுக்கு இவ்வளவு போதும்: "இயேசு எல்லாரிடமும் அன்பாக இருந்தார். அது சில அதிகாரிகளுக்குப் பிடிக்கவில்லை. அவரைச் சிலுவையில் அறைந்தார்கள். அவர் இறந்தார், அம்மாவும் நண்பர்களும் அழுதார்கள். தோட்டத்தில் இருந்த கல்லறையில் வைத்தார்கள். மூன்றாம் நாள் விடியற்காலையில் மகதலா மரியா போனபோது கல் விலகியிருந்தது. இயேசு உயிரோடு நின்று அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்." இறந்தார் என்ற சொல்லுக்குப் பதிலாகத் தூங்கினார் என்று சொல்லாதீர்கள், தூங்கவே பயப்படும் பிள்ளைகள் உண்டு. நீ சேட்டை செய்ததால்தான் ஆணி அடித்தார்கள் என்ற பேச்சு வீட்டில் யார் வாயிலிருந்தும் வர வேண்டாம். பாடுகளைக் காட்டும் திரைப்படங்களும் இந்த வயதுக்கு வேண்டாம். இயேசு சிலுவை சுமந்த வழியை நிலை நிலையாக நின்று தியானிக்கும் சிலுவைப் பாதைக்கு மகன் வரலாம். பதினான்கு நிலைகளில் சிலுவை சுமக்கத் துணைநின்ற சீமோனையும் முகம் துடைத்த வெரோணிக்காவையும் அவனுக்குக் காட்டுங்கள். ஏழு வயதுப் பிள்ளைக்கு, தானும் செய்யக்கூடிய ஒன்று அங்கேதான் இருக்கிறது.

ஒருசந்தி விஷயத்தில் திருச்சபைச் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. சுத்தபோசனம், அதாவது இறைச்சி தவிர்ப்பது, 14 வயது நிறைந்தவர்களுக்கு. ஒருசந்தி 18 வயது நிறைந்தவர்கள் முதல் 59 வயதுவரை உள்ளவர்களுக்கு. உங்கள் பிள்ளைகள் இருவருக்கும் கடமை இல்லை. இதை மாமியாரிடம் சட்டமாக நீட்டாமல், "அத்தை, பிள்ளைகள் மிட்டாயை மட்டும் விட்டுக்கொடுக்கட்டும், அந்தக் காசை உண்டியலில் போடச் சொல்லலாம்" என்று கேட்டுப் பாருங்கள். அவர் விரும்புவது பிள்ளைகள் பசித்திருப்பதை அல்ல, அந்த நாள் அவர்களுக்கு வேறு நாளாகத் தெரிவதைத்தான்.

இனி வீட்டுக் காரியம். எனக்கு மிகப் பிடித்த ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறான குருத்து ஞாயிறுக்கு முந்தின இரவு ஒரு கைப்பிடி வெந்தயத்தை ஊறவையுங்கள். மறுநாள் பூசை முடிந்து வந்ததும், பழைய தாம்பாளத்தில் மண் பரப்பிப் பிள்ளைகளையே தூவச் சொல்லுங்கள். ஓரத்தில் சின்ன மண்கலயம் ஒன்றைப் படுக்கவைத்துப் பாதி புதையுங்கள். அதுதான் கல்லறை. வாயை அடைக்க ஒரு உருண்டைக் கல்லை அவர்களே தேடிக் கொண்டுவரட்டும். தினமும் காலையில் தண்ணீர் தெளிப்பது மகளின் வேலை. புதன், வியாழனில் முளை தலைகாட்டும். கோதுமை மணி மண்ணில் விழுந்து மடிவதைப் பற்றி இயேசு பேசியதை அப்போது சொன்னால் விளக்கமே தேவைப்படாது.

பெரிய வெள்ளி மாலை கலயத்துக்குள் வெள்ளைத் துணி ஒன்றை வைத்துக் கல்லால் மூடுங்கள். சனிக்கிழமை இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு கல்லைத் தள்ளி வைத்து, துணியைச் சுருட்டி உள்ளேயே விட்டுவிடுங்கள். கல்லறையில் துண்டு தனியே சுருட்டி வைக்கப்பட்டிருந்தது என்று யோவான் எழுதுகிறார். ஞாயிறு காலை மகள் பல்கூடத் துலக்காமல் ஓடிவந்து கலயத்துக்குள் விரலை விட்டுப் பார்ப்பாள். சுற்றிலும் பச்சை. அங்கே நின்ற இயேசுவைத் தோட்டக்காரர் என்றே மரியா முதலில் நினைத்தார் என்று அந்த நேரத்தில் சொல்லுங்கள்.

இயேசு சீடர்களின் கால்களைக் கழுவியதை நினைத்து, வியாழன் இரவு அப்பா ஒரு செம்புத் தண்ணீரும் துண்டும் எடுத்துப் பிள்ளைகளின் கால்களைக் கழுவலாம். அவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

சனிக்கிழமை இரவு கோவிலில் நடக்கும் பாஸ்கா திருவிழிப்புக்கு மகனை அழைத்துப் போங்கள், மதியம் நன்றாகத் தூங்கவைத்துவிட்டு. எதைக் கவனிக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால் அவனுக்குத் தூக்கம் வராது: இருட்டு, புது நெருப்பு, பாஸ்கா திரி என்ற பெரிய மெழுகுதிரியில் பொறித்திருக்கும் அந்த ஆண்டின் நான்கு எண்கள், ஐந்து காயங்களுக்காகப் பதித்திருக்கும் ஐந்து சாம்பிராணி மணிகள், வியாழன் முதல் வாய்மூடி இருந்த கோவில் மணி மீண்டும் ஒலிக்கும் நேரம். மகளுக்கு நள்ளிரவுப் பூசை வேண்டாம், காலைப் பூசை போதும். அவளுக்காகச் சனிக்கிழமை முன்னிரவில் வீட்டு விளக்குகளை அணைத்து, ஒரே ஒரு மெழுகுதிரி ஏற்றி, ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் முழுக்கப் பாடாமல் இருந்த அல்லேலூயாவைப் பாடுங்கள். நைலான் பாவாடை வேண்டாம், தலைமுடியைப் பின்னிவிடுங்கள், திரி உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

கணவர் கேட்டதில் முட்டைக்கு என் முழுச் சம்மதம். பழைய காலத்தில் தவக்காலத்தில் முட்டையும் விலக்கு. ஈஸ்டரன்றுதான் மீண்டும் உணவில் சேர்ந்தது. கிழக்குத் திருச்சபைகளில் இயேசுவின் இரத்தத்தை நினைத்து அதற்குச் சிவப்புச் சாயம் ஏற்றுகிறார்கள். கடைச் சாயம் தேவையில்லை. பத்துப் பன்னிரண்டு பெரிய வெங்காயத்தின் காய்ந்த தோல், இரண்டு கரண்டி வினிகர், முட்டை மூழ்கத் தண்ணீர். சேர்த்து வேகவைத்து அப்படியே ஆறவிட்டால் செங்காவி நிறம் ஏறிவிடும். மஞ்சள்தூள் போட்டால் மஞ்சள். இந்த வெயிலில் அவித்த முட்டையை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். உருண்டைச் சாக்லேட்டை மகளுக்கு முழுதாகக் கொடுக்காமல் நறுக்கிக் கொடுங்கள். முயல் ஜெர்மனியில் பிறந்த வழக்கம். விளையாட்டாக இருக்கலாம், ஆனால் முயல்தான் முட்டை கொண்டுவந்தது என்று உண்மைபோலச் சொல்ல வேண்டாம். பிறகு கல்லறைக் கதையையும் அதே கணக்கில் சேர்த்துவிடுவார்கள்.

ஞாயிறோடு நிறுத்திவிடாதீர்கள். பாஸ்கா காலம் பெந்தகோஸ்து வரை 50 நாட்கள். உயிர்த்த இயேசு கரையில் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்துச் சீடர்களைக் காலை உணவுக்குக் கூப்பிட்ட கதை அந்த நாட்களுக்கானது. வலையில் 153 மீன்கள். ஒரு நாள் நல்ல மீனாக வாங்கி, சுட்டு, முள் எடுத்து ஊட்டும்போது அதைச் சொல்லுங்கள். தாம்பாளத்து வெந்தயக்கீரையையும் கிள்ளிச் சமைத்துவிடலாம், மகளே கிள்ளட்டும்.