பெட்டியைப் பிரிக்காமல் பீஸ் எண்ணலாமா?

கேள்வி: திருப்பூரில் சிறிய பனியன் கம்பெனி நடத்துகிறோம். அடுத்த ஆர்டரிலிருந்து ஒவ்வொரு பீஸிலும் ஆர்.எஃப்.ஐ.டி. டேக் (ரேடியோ அலை மூலம் படிக்கும் சிப் வைத்த சீட்டு) இருக்க வேண்டும் என்கிறார் வெளிநாட்டு பையர். பார்கோடுதான் இருக்கிறதே, இது வேறு எதற்கு? எங்களுக்கு ஏதாவது பிரயோஜனம் உண்டா?

பதில்: பார்கோடு ‘இந்த ஸ்டைல், நீலம், எல் சைஸ்’ என்பதோடு நின்றுவிடும். பத்தாயிரம் பீஸ் தைத்தாலும் பத்தாயிரத்துக்கும் ஒரே எண்தான். டேக்கில் பொதுவாக இருப்பது 96 பிட் எண், அதாவது 0, 1 என 96 இலக்கங்களில் எழுதும் எண். அதில் வரிசை எண்ணுக்கு மட்டும் 38 பிட். ஒரே சைஸ், ஒரே கலரில் 27,000 கோடி பீஸ் போட்டாலும் ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுக்கலாம். (அவ்வளவு ஆர்டர் வரட்டும்!) பேட்டரி கிடையாது. ரீடர் (டேக்கைப் படிக்கும் கருவி) அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே சக்தி எடுத்துக்கொண்டு சிப் தன் எண்ணைச் சொல்லும். மூடிய கார்ட்டனைப் பிரிக்க வேண்டியதில்லை.

2003-ல் வால்மார்ட் தன் பெரிய சப்ளையர்கள் 100 பேரிடம், 2005 ஜனவரிக்குள் பெட்டிகளிலும், பெட்டிகளை அடுக்கும் பேலட்டுகளிலும் டேக் ஒட்டச் சொன்னது. இப்போது அது பீஸ் வரை வந்துவிட்டது. பையர் கேட்பது தன் குடோன் கணக்குக்காக. ஆனால் டேக்குக்குக் காசு கொடுக்கப்போவது நீங்கள். அதனால் ஒரு ரீடரும் வாங்கிவிடுங்கள் என்பேன். ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் பேக்கிங் செக்‌ஷனைக் கவனித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கார்ட்டனுக்கு டேப் ஒட்டியதும் படித்து, பேக்கிங் லிஸ்டோடு சரிபார்த்து, அந்தப் பதிவைப் பத்திரமாக வையுங்கள். சரக்கு போய்ச் சேர்ந்த பிறகு ‘ஷார்ட்டேஜ்’ என்று பணத்தைக் கழிக்கும் டெபிட் நோட் வந்தால், எந்தப் பெட்டியில் எந்தெந்த எண் போனது என்று எடுத்துக் காட்டலாம். பதிவு இல்லையென்றால் அவர் சொன்னதுதான் கணக்கு.

ஒன்றை மறக்க வேண்டாம். ரீடர் எண்ணுவது டேக்கை, பனியனை அல்ல. எல் பீஸில் எம் டேக்கை மாட்டினால் எம் என்றுதான் காட்டும். மீந்துபோன ஹேங் டேக் (துணியில் தொங்கவிடும் அட்டை) கட்டு பக்கத்து மேஜையில் கிடந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளும். இரண்டு டேக்கில் ஒரே எண் பதிவாகியிருந்தால் இரண்டு பீஸும் ஒன்றாகிவிடும். இரும்பு ரேக்கை ஒட்டி வைத்துப் படிக்காதீர்கள், உலோகம் அலையைத் திருப்பிவிடும். ஈரமும் ஆகாது. பக்கத்துப் பெட்டி கலக்காமலிருக்க மறைப்பு வைத்த டன்னல் ரீடர் நல்லதுதான், ஆனால் செலவு. உங்களுக்குக் கையில் பிடிக்கும் ரீடரே போதும், பெட்டியைத் தள்ளி வைத்துப் படியுங்கள்.

அப்புறம், டேக் விலையை இப்போதே காஸ்டிங்கில் சேர்த்துவிடுங்கள். ஆர்டர் முடிவான பிறகு கேட்டால் பையர் ஆபீஸில் யாரும் ஃபோனை எடுக்கமாட்டார்கள்.

கேள்வி: கடையில் வாங்கிய சட்டையில் இந்த டேக் இருந்தால், நான் போகும் இடமெல்லாம் யாராவது கண்காணிக்க முடியுமா?

பதில்: இதில் ஜி.பி.எஸ். இல்லை. சில மீட்டருக்குள் ரீடர் இருந்தால்தான் பதில் சொல்லும், அதுவும் ஓர் எண்ணை மட்டும். ஆனாலும் உங்கள் சந்தேகம் நியாயமானது. வாசலில் ரீடர் வைத்த கடைக்கு அதே சட்டையோடு போனால் அந்த எண் மறுபடி பதிவாகலாம். அட்டையில் இருந்தாலும் உள்ளே லேபிளில் தைத்திருந்தாலும் வெட்டிப் போட்டுவிடுங்கள். சட்டைக்கு ஒன்றும் ஆகாது.

கேள்வி: காரில் ஒட்டும் ஃபாஸ்டேக்கும் இதுதானா?

பதில்: அதே குடும்பம்தான். அதிலும் பேட்டரி இல்லை, அதே 865–867 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை. பானெட்டில் ஒட்டாமல் கண்ணாடியில் ஒட்டச் சொல்வதற்கு, மேலே சொன்ன இரும்புத் தொல்லையும் ஒரு காரணம்.