பதட்டத்தால தூக்கம் வரலன்னா சிபிடி எண்ணெய் குடுக்கலாமா?
விவசாயம் பண்ற அப்பாவுக்கு பதட்டத்துல தூக்கமே இல்ல, கஞ்சாச் செடியில இருந்து எடுக்கிற சிபிடி எண்ணெய் ஆன்லைன்ல விக்குதே, வாங்கலாமான்னு கேட்டிருக்கீங்க. எங்க சித்தப்பாவும் மன்னார்குடி பக்கம் விவசாயம்தான், ஜூன் வந்துட்டா ராத்திரி ரெண்டு மணிக்கு திண்ணையில உக்காந்து போன்ல மேட்டூர் நீர்மட்டம் பாத்துக்கிட்டே இருப்பாரு, அதனால உங்க கவலை எனக்கு நல்லாவே புரியுது.

சிபிடி போதை தராது, போதை ஏத்துறது அதே செடியில இருக்கிற டிஎச்சி. 2019-ல அமெரிக்காவுல கொலராடோவுல ஒரு மனநல கிளினிக்ல சிபிடி எடுத்த 72 பேரோட ரெக்கார்டை பாத்தாங்க, பெரும்பாலானவங்களுக்கு தினம் 25 மில்லிகிராம். மொத மாசத்துல 79 சதவீதம் பேருக்கு பதட்டம் குறைஞ்சுது, 67 சதவீதம் பேருக்கு தூக்கம் தேவலாம்னு ஆச்சு, ஆனா பதட்டம் குறைஞ்சது குறைஞ்சபடி இருக்க தூக்கம் மட்டும் மாசத்துக்கு மாசம் ஏறி இறங்குச்சு. அதைவிட முக்கியம், ஒப்பிட்டுப் பாக்க மருந்தே இல்லாத டம்மி மாத்திரை குடுத்த குரூப்பே கிடையாது, வழக்கமான ட்ரீட்மென்ட்டும் கூடவே ஓடிச்சு, அப்போ எது வேலை செஞ்சுதுன்னு எப்படிங்க சொல்றது?

அப்பா வேற மாத்திரை ஏதாவது சாப்பிடுறாரா? ரத்தம் உறையாம இருக்கக் குடுக்கிற வார்ஃபரின், வலிப்புக்கான குளோபசாம் இதோட எல்லாம் சிபிடி சேந்தா அந்த மருந்தோட அளவு ஒடம்புல ஏறிடும், சிலருக்கு கல்லீரல் டெஸ்ட்லயும் மாத்தம் தெரியும். நானா இருந்தா வாங்க மாட்டேன், மொதல்ல தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் மனநல ஓபிக்கு கூட்டிட்டுப் போங்க, சாப்பிடுற மாத்திரை அட்டையெல்லாம் கையோட எடுத்துக்கோங்க.