படகுக்கு அடியில் டொக் டொக்

கேள்வி: கலிபோர்னியாவில் பழைய கேட்டலினா 22 பாய்மரப் படகு ஒன்று வாங்கினேன். கடலில் நிறுத்தினால், அடியில் ஏற்றி இறக்கும் இரும்புக் கீல் (keel, படகு சாயாமல் தாங்கும் கனமான தகடு) 'டொக் டொக்' என்று இடிக்கிறது. கழன்றுவிடுமா?

பதில்: உடனே கழலாது, ஆனால் தள்ளிப்போடாதீர்கள். சுமார் 250 கிலோ வார்ப்பிரும்பு ஒரே ஒரு பின்னில் (pin, கீலின் துளை வழியே போகும் வெண்கலத் தண்டு) தொங்குகிறது. உப்புநீரில் வெண்கலமும் இரும்பும் ஒட்டி இருந்தால் இரும்புதான் அரிக்கும், துளை அகலமாகும், பின்னும் தேயும், அப்புறம் ஒவ்வொரு அலைக்கும் இடிதான். படகைக் கரையேற்றி, கீலுக்கு அடியில் உறுதியாக முட்டுக் கொடுத்த பிறகே போல்ட்டில் கை வையுங்கள். கீழே யாரும் படுக்கவே கூடாது, கெஞ்சிக் கேட்கிறேன். பின்னை உருவி விரலால் தடவுங்கள், பள்ளம் தட்டுப்பட்டால் மாற்றிவிடுங்கள். துளை நீண்டு போயிருந்தால் லேத்தில் கொடுத்து புஷ் (துளைக்குள் செருகும் உலோகக் குழல்) போட வேண்டும். பக்கவாட்டு ஆட்டத்துக்கு இருபுறமும் வாஷர் போதும். சரி, அப்படியே கீலைத் தூக்கும் கம்பிக் கயிற்றையும் பார்த்துவிடுங்கள், ஒரு இழை பிரிந்திருந்தாலும் புதுசு போடுங்கள்.