ஸ்ட்ரீமரா, பழைய லேப்டாப்பா? போனஸ் பணத்துக்கு ஒரு கணக்கு

கேள்வி: எனக்கு வயது 52. வீட்டில் பத்து வருடமாக நல்ல ஆம்ப்ளிஃபயரும் ஒரு ஜோடி ஸ்பீக்கரும் இருக்கின்றன. அலமாரியில் 800 சிடி. சிடி பிளேயர் இப்போது தட்டை விழுங்கிவிட்டுத் திருப்பித் தர மறுக்கிறது. கடையில், இணையத்திலிருந்தும் ஹார்ட் டிஸ்க்கிலிருந்தும் பாட்டை எடுத்துத் தரும் நெட்வொர்க் ஸ்ட்ரீமர் ஒன்றைக் காட்டினார்கள். என் ஆம்பும் ஸ்பீக்கரும் சேர்ந்த விலையில் முக்கால் பங்கு. போனஸாக வந்த ஒரு மாதச் சம்பளம் அப்படியே அதற்குப் போய்விடும். ‘வட்டியில்லாத் தவணை, 12 மாதம்’ என்கிறார்கள். என் நண்பரோ, ஸ்ட்ரீமர் என்பதே அழகான பெட்டிக்குள் வைத்த கம்ப்யூட்டர்தான், உன் பழைய லேப்டாப் போதும் என்கிறார். மனைவி இரண்டுமே வேண்டாம், போனிலேயே கேளுங்கள் என்கிறார். ஆம்பில் டிஜிட்டல் இன்புட் கிடையாது. வீட்டுக் கடன் இன்னும் ஆறு வருடம் பாக்கி. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் நண்பர் சொன்னது சரி. ஸ்ட்ரீமருக்குள் இருப்பது ஒரு சின்னக் கம்ப்யூட்டர்தான். ஆனால் கடைக்காரர் அதைச் சொல்லாமல் விட்டதில் ஒரு காரணம் இருக்கிறது. சொன்னால், ‘கம்ப்யூட்டர் எத்தனை வருடம் உழைக்கும்?’ என்று அடுத்ததாகக் கேட்டிருப்பீர்கள். நான் அந்தக் கேள்வியிலிருந்துதான் கணக்கைத் தொடங்குவேன்.

உங்கள் ஸ்பீக்கர் இன்னும் இருபது வருடம் ஓடும். கோனைச் சுற்றியிருக்கும் ஃபோம் நைந்தால் மாற்றிக்கொள்ளலாம். ஆம்பில் கெப்பாசிட்டர் போனால் மெக்கானிக் மாற்றித் தருவார். டிஜிட்டல் எண்களை ஆம்ப் ஏற்கும் மின் அலையாக மாற்றும் டிஏசி என்ற கருவி ஒரு பத்து வருடம் கவலையில்லாமல் இருக்கும், ஏனென்றால் யுஎஸ்பியும் ஆப்டிகல் இன்புட்டும் நிலைத்துவிட்ட விஷயங்கள். ஸ்ட்ரீமர் மட்டும் வேறு ஜாதி. பெட்டி கெட்டுப்போகாது. அதை இயக்கும் மென்பொருளைத்தான் ஒருநாள் கைவிடுவார்கள்.

நடந்த கதைகளையே பாருங்கள். ஸ்க்வீஸ்பாக்ஸ் என்று ஒரு ஸ்ட்ரீமர் வரிசை இருந்தது. அதைச் செய்த ஸ்லிம் டிவைசஸ் நிறுவனத்தை லாஜிடெக் 2006-ல் வாங்கியது, 2012-ல் அந்த வரிசையையே நிறுத்தியது. அதன் இணையச் சேவை 2024-ல் மூடப்பட்டது. கூகுளின் குரோம்காஸ்ட் ஆடியோ 2015-ல் வந்தது, 2019-ல் தயாரிப்பு நின்றது. 2025 மார்ச்சில் அதற்குள் இருந்த ஒரு டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியாகி, நல்ல நிலையில் இருந்த பெட்டிகள் எல்லாம் ஒரே நாளில் ஊமையாயின. கூகுள் சரிசெய்து அனுப்பும்வரை சாதாரண உரிமையாளர்களால் செய்ய முடிந்தது பெரிதாக எதுவுமில்லை. எம்க்யூஏ என்ற ஒலி வடிவம் 2014-ல் அறிமுகமானபோது அந்த முத்திரை இருந்தால்தான் பெட்டிக்கு மதிப்பு என்று விற்றார்கள். 2023-ல் அந்த நிறுவனம் திவால் நடவடிக்கைக்குப் போனது. 2024-ல் டைடல் என்ற பாட்டுச் சேவையும் அதை விட்டுவிட்டு, தரம் குறையாமல் சுருக்கும் ஃப்ளாக் வடிவத்துக்கு மாறிவிட்டது. முத்திரைக்காக கூடுதலாகக் கொடுத்த பணம் கொடுத்ததுதான்.

என் அலமாரியிலும் ஒன்று கிடக்கிறது. எந்த நிறுவனம் என்று சொல்லப் போவதில்லை. அலுமினியப் பெட்டி இன்னும் பளபளக்கிறது, விளக்கு எரிகிறது. அதை இயக்க வேண்டிய ஆப் புது போனில் ஏறுவதில்லை. ஊருக்கெல்லாம் தேய்மானம் பற்றிப் பாடம் எடுக்கும் ஆள், ஐந்தே வருடத்தில் முழு விலையையும் தேய்த்துத் தீர்த்தேன்.

அதே ஸ்க்வீஸ்பாக்ஸ் கதையில் இன்னொரு பக்கமும் உண்டு. அதன் சர்வர் மென்பொருள் திறந்த மூலமாக இருந்ததால், ஆர்வலர்கள் அதை எடுத்து லிரியன் மியூசிக் சர்வர் என்ற பெயரில் இன்றும் நடத்துகிறார்கள். அதனால் வீட்டு ஹார்ட் டிஸ்க்கிலிருந்து பழைய பெட்டிகள் இன்னும் பாடுகின்றன. லேப்டாப்புக்கும் இதே நியாயம். விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்தது, ஆனால் அந்த லேப்டாப்பில் லினக்ஸ் ஏற்றினால் பாட்டுப் போட அது இன்னும் பல வருடம் உழைக்கும். மூளையை மாற்றிக்கொள்ள முடிகிற கருவிக்கும் முடியாத கருவிக்கும் உள்ள வித்தியாசம் இது. பண விஷயத்தில் ஒலித் தரத்தைவிட இதுதான் பெரிது.

‘ஆனால் சத்தம் நன்றாக இருக்குமே’ என்பீர்கள். இதில் நான் கொஞ்சம் கறார்.

சிடி என்பது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், அதாவது ஒலியை வினாடிக்கு 44,100 முறை அளந்து 16 பிட் எண்களாக எழுதுவது. 22 கிலோஹெர்ட்ஸ்வரை பதிவு செய்யும். மனிதக் காது நன்றாக இருக்கும் வயதிலேயே 20-ஐத் தாண்டாது, 52 வயதில் எங்கே நிற்கும் என்பதை உங்களிடமும் என்னிடமும் சொல்லிப் புண்படுத்த விரும்பவில்லை. இதைவிட உயர்ந்த ‘ஹை ரெசல்யூஷன்’ பதிவுகளைப் பற்றி, 2007-ல் மேயர், மோரன் இருவரும் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியின் ஆய்விதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். உயர்தரப் பதிவையும், அதையே சிடி தரத்துக்கு இறக்கியதையும் மாற்றி மாற்றிப் போட்டார்கள். எது எது என்று கேட்டவர்கள் 554 முறையில் 276 முறைதான் சரியாகச் சொன்னார்கள். காசு சுண்டினாலும் அதே கணக்குத்தான். அந்தச் சோதனைக்கு எதிர்ப்பும் கிளம்பியது. 2016-ல் ஜோஷுவா ரீஸ் 18 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்து, சரியாகச் சொன்னது 52.3 சதவீதம் என்றார். வித்தியாசம் இருக்கிறது, ஆனால் ஒரு மாதச் சம்பளத்தை நியாயப்படுத்தும் அளவுக்கு இல்லை. கடையில் கேட்டபோது பிரமாதமாக இருந்ததே என்றால், இரண்டு கருவியின் ஒலி அளவையும் சமமாக வைத்தார்களா என்று கேளுங்கள். ஒரு டெசிபல் கூடினாலே நம் காது ‘இதுதான் தெளிவு’ என்று தீர்ப்பு எழுதிவிடும்.

ஸ்ட்ரீமரின் வேலை எண்களைச் சுமந்துகொண்டு வந்து டிஏசியிடம் சேர்ப்பது. வழியில் எண் மாறாமல் வந்துவிட்டால் அதன் கடமை முடிந்தது. அந்தச் சுமைக்கு உங்கள் ஸ்பீக்கரும் ஆம்பும் சேர்ந்த விலையில் முக்கால் பங்கு கேட்கிறார்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

இதற்காக லேப்டாப்பை நான் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடவில்லை. அதன் தொல்லைகள் உண்மையானவை. மெல்லிய ஆலாபனை நடக்கும்போது விசிறி சுழலும். மின்னஞ்சல் வந்ததற்கான ‘டிங்’ உங்கள் நல்ல ஸ்பீக்கரில் முழுத் தரத்தில் கேட்கும். விண்டோஸ் தன் கலவை வழியாகச் சத்தத்தை அனுப்பும்போது பதிவின் சாம்பிள் ரேட்டை, அதாவது வினாடிக்கு எத்தனை எண் என்பதை, தன் வசதிக்கு மாற்றிவிடும். பிளேயர் மென்பொருளில் ‘எக்ஸ்க்ளூசிவ்’ முறையைத் தேர்ந்தால் இந்தக் கடைசி இரண்டும் அடங்கிவிடும். சார்ஜர் செருகியதும் ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்ற முனகல் வரலாம். சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள், நின்றால் அது எர்த் லூப், அதாவது எர்த் ஒயர் வழியாகச் சுற்றி வரும் மின்சாரம். லேப்டாப்புக்கும் டிஏசிக்கும் நடுவே ஆப்டிகல் கேபிள் இருந்தால் அந்தப் பிரச்சினை வராது, அதில் போவது வெளிச்சம் மட்டுமே. பல லேப்டாப்பில் ஆப்டிகல் அவுட்புட் இருக்காது, அப்போது மின்தொடர்பைப் பிரித்து வைக்கும் யுஎஸ்பி ஐசொலேட்டர் உதவும். மின்சாரத்தையும் கணக்கில் எடுங்கள். 5 வாட் ஸ்ட்ரீமர் வருடம் முழுக்க ஓடினால் சுமார் 44 யூனிட். 60 வாட் இழுக்கும் பழைய டெஸ்க்டாப்பை அணைக்காமல் விட்டால் 525 யூனிட். லேப்டாப் இரண்டுக்கும் நடுவில், கேட்டு முடித்ததும் மூடி வைத்தால் இன்னும் குறைவு.

இவற்றையெல்லாம்விடப் பெரிய செலவு ஒன்று உண்டு. ஒரு பாட்டுக் கேட்க லேப்டாப்பைத் திறந்து, அப்டேட் முடியக் காத்திருந்து, மவுஸைத் தேட வேண்டுமென்றால், மூன்றாவது வாரத்தில் பாட்டுக் கேட்பதையே நிறுத்திவிடுவீர்கள். பயன்படாத கருவிதான் உலகத்திலேயே விலை உயர்ந்த கருவி. ஸ்ட்ரீமருக்காக நான் வாதாட முடிகிற ஒரே இடம் இதுதான், இது வலுவான இடமும்கூட.

அதனால் என் யோசனை இது. இப்போது ஒரு டிஏசி மட்டும் வாங்குங்கள். யுஎஸ்பி, ஆப்டிகல் இரண்டு இன்புட்டும் இருக்கட்டும், விலை போனஸில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். பழைய லேப்டாப்பை அதில் இணைத்து மூன்று மாதம் கேளுங்கள். எந்தெந்த நாள் கேட்டீர்கள், எந்த நாள் ‘இதையெல்லாம் யார் ஆன் செய்வது’ என்று விட்டுவிட்டீர்கள் என்று காலண்டரில் ஒரு கோடு போடுங்கள். விட்ட நாள் அதிகமானால் ஸ்ட்ரீமர் வாங்குங்கள். ஆனால் கடையில் காட்டியதை அல்ல, டிஜிட்டல் அவுட்புட் உள்ள சின்னது ஒன்றை, போனஸில் கால் பங்குக்குள். டிஏசி ஏற்கெனவே இருப்பதால் உள்ளே இன்னொன்றுக்குப் பணம் தர வேண்டியதில்லை. ஐந்து வருடத்தில் அது கைவிடப்பட்டாலும் நீங்கள் இழப்பது அந்தக் கால் பங்கு மட்டுமே. கையில் ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரிந்தவர் என்றால் ராஸ்பெர்ரி பை என்ற சின்ன போர்டிலேயே இதைச் செய்துகொள்ளலாம், மென்பொருள் இலவசம்.

வாங்கும்போது கடைக்காரரிடம் கேளுங்கள்: நிறுவனத்தின் சர்வர் நாளை மூடப்பட்டால், என் ஹார்ட் டிஸ்க்கில் உள்ள பாட்டு இதில் பாடுமா? ஏர்பிளே, யுபிஎன்பி போன்ற, பல நிறுவனப் பெட்டிகளுக்கும் பொதுவான வழிகளை ஏற்குமா, அல்லது அவர்களுடைய ஆப் மட்டும்தானா? பதிலில் தயக்கம் தெரிந்தால் அடுத்த மாடலைப் பாருங்கள்.

தவணை விஷயம். ‘வட்டியில்லா’ என்ற சொல்லை நான் எங்கே பார்த்தாலும், ‘ரொக்கமாகத் தந்தால் எவ்வளவு குறைப்பீர்கள்?’ என்று கேட்பது வழக்கம். 5 சதவீதம் என்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் 95 மதிப்புள்ள பொருளுக்கு 12 மாதத்தில் 100 கட்டுகிறீர்கள். மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருவதால் உண்மையான வட்டி 5 அல்ல, வருடத்துக்கு ஒன்பதரை சதவீதத்தை ஒட்டி வரும். பிராசஸிங் கட்டணம் இருந்தால் அதற்கும் மேலே. பாட்டுக் கேட்கும் பொருளுக்குக் கடன் வேண்டாம், அது வட்டியில்லாததாகவே இருந்தாலும்.

ஸ்ட்ரீமரின் விலையைப் பற்றியே பேசுகிறோம், சந்தாவை யாரும் பேசுவதில்லை. மாதம் ஒரு பங்கு சந்தா கட்டுகிறீர்கள் என்றால் பத்து வருடத்தில் 120 பங்கு. அதையே 8 சதவீதத்தில் சேர்த்திருந்தால் 183 பங்கு ஆகியிருக்கும். சந்தா கூடாது என்று சொல்லவில்லை, புதுப் பாட்டுத் தேடுபவருக்கு அது மலிவு. ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு சேவைக்குக் கட்டாதீர்கள். இழப்பில்லாத் தரத்துக்கென்று தனியாகக் கூடுதல் பணம் கேட்ட காலமும் பெரும்பாலும் மலையேறிவிட்டது. ஆப்பிள் மியூசிக் 2021-லிருந்தே அதைச் சாதாரணச் சந்தாவில் தருகிறது, ஸ்பாட்டிஃபை 2025-ல் பல நாடுகளில் தன் பிரீமியம் சந்தாவில் சேர்த்தது.

உங்களிடம் ஏற்கெனவே 800 சிடி இருக்கிறது. முழுப் பணமும் கட்டி முடித்த சொத்து, மாதச் சந்தா கிடையாது, யாரும் பட்டியலிலிருந்து நீக்க முடியாது. ஒரு மணி நேர சிடி அப்படியே எடுத்தால் 635 மெகாபைட், ஃப்ளாக்கில் சுமார் 350. ஆக 800 சிடியும் 280 ஜிகாபைட்டில் அடங்கும். ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்கி, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். எக்ஸாக்ட் ஆடியோ காப்பி போன்ற மென்பொருள், எடுத்த பிரதி பிழையில்லாததா என்று மற்றவர்கள் எடுத்ததோடு ஒப்பிட்டுச் சொல்லிவிடும். செலவு நேரம்தான். சிடிக்கு 8 நிமிடம் என்றால் மொத்தம் சுமார் 107 மணி நேரம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்ய வேண்டாம், கை தானாகப் போகிற 200 சிடியை முதலில் முடியுங்கள். மீதி 600-ல் எத்தனையைத் தேடுகிறீர்கள் என்பது உங்களுக்கே வேடிக்கையாக இருக்கும்.

உங்கள் மனைவி சொன்னதும் தள்ளிவிடக்கூடியதல்ல. ப்ளூடூத்தில் அனுப்பினால் பாட்டு சுருக்கப்படும். ஆனால் அதே போனை ஒயரில் டிஏசியோடு இணைத்தால் அதுவே ஸ்ட்ரீமர். லேப்டாப் மூன்று மாதச் சோதனையில் தோற்றால், ஸ்ட்ரீமர் வாங்குமுன் பழைய போன் ஒன்றை ஒரு வாரம் இப்படிப் போட்டுப் பாருங்கள்.

இத்தனையும் போக போனஸில் பாதிக்கு மேல் மிஞ்சும். ஆறு மாதச் செலவுக்கான தொகை கையில் இல்லையென்றால் முதலில் அங்கே போகட்டும். இருந்தால் வீட்டுக் கடனில் முன்கூட்டியே கட்டுங்கள். கடைசி ஆறு வருடத்தில் தவணையின் பெரும்பகுதி அசலுக்கே போவதால் மிச்சமாகும் வட்டி மலைக்க வைக்காது, ஆனால் அது நிச்சயமான மிச்சம். கட்டும்போது மாதத் தவணையைக் குறைக்க வேண்டாம், கடன் காலத்தைக் குறையுங்கள் என்று எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.